சலூன் டி.வி.யில் தெரிந்த தொட்டி

ஜூலை 12

அன்பு மருமகளுக்கு,

தாய்மாமன் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. பதினொரு தடவை போன் அடித்தும் எடுக்காதவள் நலமாகத்தான் இருப்பாள். உடம்பு முடியாதவர்கள் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்கள். சரி, எழுத்தில் பேசுவோம் என்று பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும், நான் நீர்நிலையத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது என் கையெழுத்தைப் பார்த்த தலைமைப் பொறியாளர், "இதை எந்த அச்சகத்தில் அடித்தீர்கள்?" என்று கேட்டது உனக்குத் தெரிந்த கதைதான்.

நம் நெட்டை ஞாயிற்றுக்கிழமை மேல்நிலைத் தொட்டி ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். பம்பு ஹவுஸ் ஆபரேட்டர் விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது என்று உனக்கு யாராவது வறட்டுச் செய்தியாகச் சொல்லியிருப்பார்கள். நீர்நிலையத்துக்குக் கண்காணிப்பு மென்பொருளை வைத்துக் கொடுத்து, அதைப் பராமரிக்கிற பொறியாளர் நீ. உனக்கு முழு விவரம் தெரிய வேண்டும். உள்ளது உள்ளபடி சொல்ல இந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான்.

அன்று மதியம் நான் சலூனில் இருந்தேன். நல்ல மழை. பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கு வெட்ட முடியே கிடையாது. எதற்கு வந்தார்கள்? தொட்டி பார்க்க. அந்தக் கதையை உன்னிடம் சொன்னேனா இல்லையா, நினைவில்லை. ஏப்ரலில் என் சம்பந்தி வந்தபோது, வீட்டு டி.வி.யிலேயே நீர்நிலையத்தைக் காட்ட நீ ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தாய் அல்லவா? அதையே சலூன் டி.வி.யிலும் போட்டுவிட்டேன். ரிமோட்டை வைத்து எழுத்து எழுத்தாக, கூட இருந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தேன். 'நினைவில் வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டது. வைத்துக்கொள் என்றேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. நீல நிறத்தில் தொட்டி ஏறும், இறங்கும். எத்தனை மணிக்குத் தொண்ணூறைத் தொடும் என்று பந்தயம். தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஷேவிங் பண்ணி வைக்க வேண்டும். நான் வர்ணனை. கிரிக்கெட் எல்லாம் செத்துப்போய்விட்டது, மருமகளே.

மூன்று மணி சுமாருக்குக் கரண்ட் போனது. சலூனில் இருட்டு. நான் உடனே உன் அத்தைக்குப் போன் போட்டேன். "டி.வி. எரியுதா?" "எரியுது. தொட்டிதான் தெரியுது. மூணு மாசமா அதைத்தானே பாக்கறேன், ஒரு சீரியல் பாக்க விடறீங்களா" என்றாள். என் இன்வெர்ட்டர் அப்படி. ஊரே அணைந்தாலும் என் வீட்டுத் தொட்டி அணையாது. கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. சலூன் டி.வி. அரை நிமிடத்தில் உயிர் பெற்று, முதல் ஆளாக உள்ளே போய்விட்டது. எழுபத்தொன்று சதவீதம். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதே நேரத்தில்தான் அந்த நெட்டை மழையில் எண்பத்திரண்டு படி ஏறி, உச்சிப் படியிலிருந்து விழுந்திருக்கிறான். எட்டிப் பார்க்கப் போனானாம். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று இங்கே சோப்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குக்கூடத் தெரியும். அவனுக்கு ஏன் தெரியவில்லை? 'திரை திறக்கல' என்கிறானாம். அவனிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், "டேய், சந்தேகம்னா எனக்கு ஒரு போன் போடு, ஈசிசேர்ல இருந்தே மட்டம் சொல்றேன்" என்று. கேட்டால்தானே.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் எப்படித் தகடு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

உன் மென்பொருளில் ஏதோ கோளாறு இருக்கிறது. பார்த்துச் சரிசெய். உன் நன்மைக்குச் சொல்கிறேன்.

உன் தாய்மாமன்


ஜூலை 17

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சலூன் பற்றி எனக்கு இந்தக் கடிதத்தில்தான் தெரியும்.

மென்பொருளில் கோளாறு இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. தொட்டி மட்டம், மோட்டார், குளோரின் எல்லாம் அதற்குள் வந்து சேர்கின்றன. அதை வேறொரு இடத்திலிருந்து பார்க்கிற ஒவ்வொரு திரைக்கும் ஒரு இணைப்பு வேண்டும். எத்தனை இணைப்பு என்பதை லைசென்ஸ் சொல்லும். நீர்நிலையம் வாங்கியிருப்பது ஐந்து. ஐந்து நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் பெயர் எழுதி வைக்கவில்லை. முதலில் வருகிறவர் உட்காரலாம். ஆறாவது ஆளுக்குக் கதவு திறக்காது.

பம்பு ஹவுஸ், குளோரின் அறை, மேனேஜர் அறை, பழுது வண்டி. நான்கு. ஐந்தாவது, பராமரிப்புக்காக எனக்கு. அதில்தான் மூன்று மாதமாக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரே பாஸ்வேர்டை இரண்டு டி.வி.யில் போட்டால் இரண்டு நாற்காலி போகும். பழுது வண்டி பெரும்பாலும் வெளியே போகாததால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் கரண்ட் போனதும் வண்டி வெளியே போய் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் வந்ததும் உங்கள் சலூன் டி.வி. அரை நிமிடத்தில் உள்ளே வந்தது. பம்பு ஹவுஸின் பழைய கணினி எழுந்திருக்க ஆறு நிமிடம் ஆகும். அது எழுந்து கேட்டபோது வந்த பதில்: 'எல்லா இணைப்புகளும் பயன்பாட்டில் உள்ளன.'

மோட்டாரைப் போடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். அங்கிருந்தவர் ஜெனரேட்டர் பக்கம் போயிருந்தார். அதனால் ஏறினார். எண்பத்திரண்டாவது படி இல்லை மாமா. பதினான்காவது படி. இடுப்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது.

யாரும் ஏணி ஏறக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் திரையை வைத்தேன்.

சர்வரில் பதிவு இருக்கிறது. விபத்து நேரத்தில் என் பெயரில் இரண்டு இணைப்பு, இரண்டும் நிலையத்துக்கு வெளியே. நான் பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்து லாபம் பார்த்திருக்கிறேன் என்கிறார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி விசாரணை. அதில் என் வேலை மட்டும் போகாது. இனி எந்த நிலையத்தின் சர்வரையும் தொட விட மாட்டார்கள்.

எனக்கு மூன்று வரி வேண்டும். ஏப்ரலில் ஒரு மாலைக்கு மட்டும் என்று கேட்டு என்னிடம் பாஸ்வேர்ட் வாங்கினீர்கள். நான் இரண்டு முறை மூடச் சொன்னபோது மூடிவிட்டதாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரியாமல் சலூனிலும் போட்டீர்கள். இவ்வளவுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள். போன் வேண்டாம். போனில் சொன்னதை அடுத்த நாள் வேறு மாதிரி சொல்வீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை.

இரண்டு டி.வி.யையும் இன்றே அணையுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள், இனி அதில் எதுவும் தெரியாது. இருந்தாலும் அணையுங்கள்.


ஜூலை 21

மருமகளுக்கு,

'அன்புள்ள' கூட இல்லாமல் ஆரம்பித்திருக்கிறாய். படித்தவர்கள் கடிதம் இப்படித்தான் இருக்கும் போல. உன் அம்மா, அதாவது என் அக்கா, என்னைத் திட்டி எழுதினால்கூட மேலே 'அன்புள்ள தம்பி' என்று போட்டுவிட்டுத்தான் கீழே கிழிப்பாள்.

ஒரே ஒரு கேள்வி. ஒரு பெட்டிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பதற்கு எதற்கம்மா லைசென்ஸ்? பார்த்தால் தேய்ந்தா போகும்? நிலாவை ஐந்து பேர்தான் பார்க்கலாம், ஆறாவது ஆள் தலையைக் குனிந்துகொண்டு போ என்று யாராவது சொல்வார்களா? நான் ஸ்டோரில் இருந்தபோது நட்டு போல்ட்டுக்குக் கணக்கு வைத்தேன், சரி, அது எடுத்தால் குறையும். இது எடுத்தாலும் குறையாத சரக்கு. அதற்கு ஐந்தே ஐந்து என்று எண்ணி வாங்கிய புத்திசாலி யார்? ஐம்பது வாங்கியிருந்தால் நெட்டையும் பார்த்திருப்பான், நானும் பார்த்திருப்பேன், சலூனும் பார்த்திருக்கும். கையெழுத்துப் போட்டவரைப் பிடி. என்னை ஏன் பிடிக்கிறாய்?

இரண்டு முறை மூடச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நானும் மூடினேன். டி.வி.யை மூடினேன். மறுபடி போட்டபோது அதுவாக வந்துவிட்டது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது நான்தான், ஆனால் அது அவ்வளவு நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

சலூன்காரர் டி.வி.யைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். நான் போனால் "உக்காருங்க" என்றுகூடச் சொல்வதில்லை. "அண்ணே, நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லிடுங்கண்ணே" என்கிறார். அந்தப் பதினொரு பேரில் ஒருவனும் அன்று சலூனில் இல்லையாம். ஒருவன் அன்று வெளியூர் போயிருந்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறான். அவன் முகத்தில் சோப்பு இருந்ததைப் பார்த்தவன் நான்.

நீ கேட்ட மூன்று வரியை என்னால் எழுத முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. சம்பந்தியிடம் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். நீர்நிலையம் என் சேவையைப் பாராட்டி எனக்கு ஆயுள் ஆலோசகர் பதவி கொடுத்து, வீட்டுக்கே திரை வைத்துக் கொடுத்திருக்கிறது என்று. அவர் நிஜ எஞ்சினியர். என் மகள் அந்த வீட்டில் வாழ்கிறாள். 'உங்க அப்பா மருமக பாஸ்வேர்டைக் கெஞ்சி வாங்கி டி.வி. பார்த்தாராமே' என்று அவள் காதில் விழ வேண்டுமா?

விசாரணைக்கு நானே நேரில் வருகிறேன். அங்கே இருக்கிற பாதிப் பேரை வேலைக்குச் சேர்த்ததே நான்தான். ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நெட்டையைப் போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். தூங்கிய மாதிரி இருந்தான்.

தாய்மாமன்


ஜூலை 27

அன்புள்ள மாமா,

போட்டுவிட்டேன். அம்மா சொன்னதற்காக.

ஐந்து வாங்கியது யார் என்று கேட்டீர்கள். நான் எட்டு கேட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி விலை. மேனேஜர் எட்டை ஐந்தாக்கினார். 'யார் எப்பப் பாக்கப் போறாங்க' என்றார். பம்பு ஹவுஸுக்கு மட்டும் ஒரு இடத்தை யாரும் எடுக்க முடியாதபடி ஒதுக்கி வைக்கலாம். அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்றபோது அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நான் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். இதை விசாரணையில் நானே சொல்லப் போகிறேன்.

அது மட்டும் இல்லை. உங்களுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்தது நான். சம்பந்தி முன்னால் ஒரு சாயந்திரம் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மே மாதம் சர்வர் பட்டியலில் உங்கள் வீட்டு இணைப்பைப் பார்த்தேன். போன் செய்தேன். மூடிவிட்டேன் என்றீர்கள். ஜூனில் மறுபடி பார்த்தேன். மறுபடி மூடிவிட்டேன் என்றீர்கள். பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். மாற்ற மேனேஜர் கையெழுத்து வேண்டும், படிவத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது, 'மாமா டி.வி. பார்க்கிறார்' என்றா? மாமாதானே என்று விட்டேன். என் தவறை நான் சுமக்கிறேன். உங்கள் தவறையும் சேர்த்துச் சுமக்க முடியாது.

நேற்று நெட்டை மாமாவைப் பார்க்க வந்திருந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் போனேன். உள்ளே வரவில்லை. அத்தை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

நெட்டை மாமாவுக்குக் கட்டிலிலிருந்து எழ ஐந்து மாதம் ஆகும். அதற்குப் பிறகும் பம்பு ஹவுஸ் வேலை கிடையாது. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், ஏணியில் ஏறுவதற்கு முன்னால் வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கேக்கலாம்னுதான் போனைக் கையில எடுத்தேம்மா. உங்க மாமா நம்பர் மேலேயே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் போடல?"

"அவன் எங்கிட்ட சொன்னான்தான். ஈசிசேர்ல உக்காந்தே தொட்டியைப் பாக்கறேன், சந்தேகம்னா கூப்பிடுன்னு. அதே வாயால போன மாசம் ராக்கெட் விடறவங்க எரிபொருள் தொட்டிக்கு யோசனை கேட்டாங்கன்னும் சொன்னான். நான் எதை நம்பறது?" கொஞ்சம் சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது போல, நிறுத்திக்கொண்டார். "அவனுக்குப் போன் போட்டு, அவன் ஒரு நம்பரை அடிச்சு விட்டு, நான் அதை நம்பி மோட்டாரைப் போட்டு, தொட்டி பொங்கி ஊரெல்லாம் தண்ணி போச்சுன்னா? அதுக்கு ஏணியே மேல்னு தோணுச்சு."

நீங்கள் சொன்னதிலேயே, ஈசிசேரிலிருந்து தொட்டி தெரிகிறது என்ற அது ஒன்றுதான் உண்மை என்று அவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மூன்று வரி, மாமா. சம்பந்திக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்கிறேன். நேரில் வர வேண்டாம். தயவுசெய்து வராதீர்கள். எழுத்து போதும். எனக்கு அனுப்புங்கள்.


ஆகஸ்ட் 3

என் தங்க மருமகளுக்கு,

கவலையை விடு. காரியம் முடிந்தது.

உன் கடிதம் வந்த அன்று உன் அத்தை இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு போடவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், போடவில்லை. வித்தியாசம் உனக்குப் புரியும். மறுநாள் நெட்டையைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை அவன் தூங்கவில்லை. "ஏண்டா, நிஜமாவே தெரிஞ்சுச்சா?" என்று கேட்டான். தெரிந்தது என்றேன். "எவ்வளவு இருந்துச்சு?" எழுபத்தொன்று என்றேன். "எழுபத்தொண்ணு" என்று அவனே ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அப்புறம் "போடா" என்றான். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் அவன் என்னை ஆயிரம் 'போடா' சொல்லியிருக்கிறான். இது வேறு போடா.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நீ கேட்ட மூன்று வரியை எழுதிப் பார்த்தேன். எழுதிவிட்டு நானே விசாரணைக்காரனாக மாறி, ஈசிசேரில் சாய்ந்துகொண்டு படித்தேன். என்ன தோன்றியது தெரியுமா? 'இந்த ஆள் மருமகளைக் காப்பாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறான்' என்றுதான் தோன்றியது. சின்னத் தப்பை எவன் நம்புவான்? ஒரு மாலைக்கு வாங்கினானாம், மறந்து போனானாம். தப்பு என்றால் அதற்கு ஒரு உடம்பு வேண்டாமா? நானும் சளைத்தவன் இல்லை. நீ கேட்டது மூன்று வரி. நான் கொடுத்திருப்பது நான்கு பக்கம். ரெஜிஸ்டர் தபாலில் நேராக விசாரணைக் குழுவுக்கே அனுப்பிவிட்டேன். உன் வழியாக அனுப்பினால் நீ எழுதச் சொன்னாய் என்று சொல்லிவிடுவார்கள் பார், அந்த யோசனையும் எனக்கு வந்தது. உனக்காக ஒரு பகுதியைப் பார்த்து எழுதுகிறேன்:

'இந்த நீர்நிலையத்தின் முதுகெலும்பாக முப்பத்தொரு ஆண்டுகள் விளங்கிய நான், சுயநினைவோடு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். என் மருமகள் கள்ளங்கபடம் அறியாதவள். அவள் என் வீட்டில் அயர்ந்து உறங்கியபோது, அவளுடைய பையைத் திறந்து, பாஸ்வேர்ட் எழுதிய காகிதத்தை நானே திருடினேன். கடந்த மூன்று ஆண்டுகளாக அதை வைத்து அந்த சர்வரை என் உள்ளங்கையில் வைத்திருந்தேன். என் வீடு, சலூன் ஆகிய இடங்களில் மட்டுமல்ல, மொத்தம் பதினேழு டி.வி.களில் அதை ஓட்டினேன். சம்பவ தினத்தன்று ஐந்து இணைப்புகளையும் பிடித்து வைத்திருந்தவன் நான் ஒருவனே. என் மருமகள் பலமுறை என் காலில் விழுந்து கேட்டும் நான் மசியவில்லை.'

எப்படி? எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் எப்ப பண்ணீங்க?" என்று கேட்டாள். பாமரப் பெண், அவளுக்கு வழக்கு விவகாரம் என்ன தெரியும். சம்பந்தியைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை பார். மகள் ஏதாவது கேட்டால் கேட்கட்டும். உனக்காக எவ்வளவு பெரிய திருடனாகிவிட்டேன் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

பத்தாம் தேதி தைரியமாகப் போ.

உன் பாசமுள்ள தாய்மாமன்


ஆகஸ்ட் 16

மாமா,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. அன்றே குழு அலுவலகத்துக்கு ஓடினேன். உங்கள் தபால் ஐந்தாம் தேதியே வந்து கோப்பில் சேர்ந்துவிட்டது. எடுக்க முடியாது என்றார்கள்.

பத்தாம் தேதி நடந்ததை எழுதுகிறேன். எனக்கு எழுத விருப்பமில்லை. ஆனால் நீங்கள் இதை வேறு யாரிடமும் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

சின்ன அறை. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாதான் தலைவர். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எட்டு கேட்டு ஐந்து கொடுத்ததை ஒத்துக்கொண்டார்கள். பழைய கடிதங்களைக் காட்டினேன், மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்வேர்டை ஒரு உறவினருக்கு ஒரு மாலைக்குக் கொடுத்தேன், அது என் தவறு என்று சொன்னேன். அந்த அம்மா குறித்துக்கொண்டார். அப்போதுதான் உங்கள் நான்கு பக்கத்தை எடுத்தார். உரக்கப் படித்தார். 'முதுகெலும்பு' வந்ததும் பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இந்த சர்வர் வெச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

"பதினாலு மாசம், மேடம்."

"மூணு வருஷமா உள்ளங்கையில வெச்சிருந்தேங்கறார். பதினேழு டி.வி. பதிவுல எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

"அஞ்சு இணைப்பையும் இவரே பிடிச்சிருந்தாராம். அப்ப மேனேஜர் அறையில தெரிஞ்சது எது?"

நான் பதிவுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்க மாமா எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா, மேடம்."

கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தின் மேல் வைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. இதுல எதை நான் எடுத்துக்கணும்?"

"ஒரு சாயந்திரத்துக்குன்னு எங்கிட்ட கேட்டு வாங்கினார். ரெண்டு தடவை மூடிட்டேன்னு சொன்னார். அது மட்டும் நிஜம், மேடம்."

"அது இதுல இல்லையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, மாமா. கொஞ்சம் பரிதாபமாகத்தான் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. காகிதத்தைப் பையிலிருந்து திருடினார் என்றால், நான் கொடுத்தேன் என்று ஏன் சொன்னேன்? நான் கொடுத்தேன் என்றால், அவர் ஏன் திருடினேன் என்கிறார்? இரண்டில் ஒன்று பொய். பொய் வாக்குமூலம் எழுத வைத்ததாக ஒரு புதுக் குற்றச்சாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். முந்தாநாள் தீர்ப்பு வந்தது. வேலை போய்விட்டது. இனி பொதுச் சேவை நிலையம் எதிலும் கண்காணிப்பு அமைப்புகளில் நான் வேலை செய்யக் கூடாது. மேனேஜருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

நீர்நிலையம் இப்போது எட்டு இணைப்பு வாங்கியிருக்கிறது. பம்பு ஹவுஸுக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் திரைக்கு இனி எப்போதும் கதவு திறக்கும். நெட்டை மாமாவின் இடத்துக்கு வந்திருக்கிற ஆள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏணிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம். இதெல்லாம் நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிக் கேட்டது.

நான் உங்களிடம் கேட்டது மூன்று வரி. உங்களுக்கு அது சின்னதாக இருந்துவிட்டது.

சின்ன வயதில் எனக்கு உங்கள் கதைகள் ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். மறுநாளும் உங்களிடம்தான் வருவேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதீர்கள். வந்தால் பிரிக்க மாட்டேன்.


ஆகஸ்ட் 22

அன்புள்ள மருமகளுக்கு,

பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதனால் உறையில் போடாமல் அஞ்சலட்டையில் எழுதுகிறேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி ஒரு மாலைக்கு மட்டும் என்று கேட்டு உன்னிடம் பாஸ்வேர்ட் வாங்கினேன். மே மாதமும் ஜூன் மாதமும் நீ மூடச் சொன்னபோது, மூடாமலே மூடிவிட்டேன் என்று சொன்னேன். உனக்குத் தெரியாமல் சலூன் டி.வி.யிலும் போட்டேன்.

இதையே ஒரு தாளில் எழுதிக் குழுவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் வாங்கவில்லை. கோப்பை மூடியாகிவிட்டது என்றார்.

சாட்சிக் கையெழுத்து இருந்தால் வாங்குவார்களோ என்று நெட்டையிடம் போனேன். படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டான்.

"இதுல எது நிஜம்?" என்று கேட்டான்.

எல்லாம் என்றேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மாமா